கொள்ளைநோயும் நாட்டின் வாயிற்கதவும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

அயல்நாடு செல்வோருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இருந்தால் போதும் என்பதே நம்மில் பெரும்பாலோர் எண்ணம். மூன்றாவதாக ஒரு தாளும் உண்டு. அதுவே உடல்நலச் சான்று. மற்றக் காலங்களில் அதனைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. கொள்ளைநோய் பரவும் காலத்திலோ, முதல் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு அம்மூன்றாவது தாளையே முதலில் கேட்கிறார்கள். 2020 முதல் 2022 வரை உலகம் முழுவதும் இதுவே நடந்தது. அத்தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதில் ஒரு பகுதியை நோயின் இயல்பு தீர்மானித்தது. மறு பகுதியை நோய்க்குத் தொடர்பில்லாத வேறு செய்திகள் தீர்மானித்தன. எது எந்தப் பகுதி என்று பிரித்தறிய முயல்வதே இக்கட்டுரை.

இப்பொருளை நான் தேர்ந்துகொண்டதற்கு என் வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர் கூறுகிறேன்.

நாற்பது நாள் கணக்கு

பதினான்காம் நூற்றாண்டில் பிளேக் நோய் ஐரோப்பாவைச் சூறையாடியபோது, அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ரகூசா என்னும் துறைமுக நகரம் 1377ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. இன்று குரோவேஷியா நாட்டில் டுப்ராவ்னிக் என்று அழைக்கப்படும் ஊர் அதுவே. நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் ஊருக்குள் நுழையுமுன் முப்பது நாள் வெளியே தங்க வேண்டும் என்பது அச்சட்டம். பின்னர் அது நாற்பது நாளாக நீண்டது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் ‘குவாரண்டா’ என்னும் சொல்லிலிருந்துதான் ‘குவாரண்டைன்’ பிறந்தது. வெனிஸ் நகரம் 1423இல் இதற்கென ஒரு தீவிலேயே மருத்துவமனை அமைத்தது.

நாற்பது என்னும் எண் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததன்று. கிறித்துவ சமயத்தில் நாற்பது நாள் நோன்புக்கு உள்ள சிறப்பே அதற்குக் காரணம் என்பர். ஆயினும் அவ்விதி ஓரளவு பயன் தந்தது. பிளேக் கிருமி உடலில் புகுந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் நோய் வெளிப்பட்டுவிடும். நாற்பது நாள் காத்திருந்தவரிடம் நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். ஆனால் கப்பலைக் கட்டிய கயிற்றின் வழியே கரையேறிய எலிகளுக்கு யாரும் நாற்பது நாள் விதிக்கவில்லை. எலியையும் அதன் தெள்ளுப்பூச்சியையும் விட்டுவிட்டு மனிதனை மட்டும் நிறுத்திவைத்த அந்த நிலையை, விலங்கியல் மாணவி என்ற முறையில் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இவ்விதியில் நான் மதிப்பது ஒன்று உண்டு. அது வருபவரிடம் கேட்டது நாட்களை. நாட்களைக் கொடுத்தவர் உள்ளே சென்றார். செல்வ வணிகனுக்கும் கப்பல் கூலிக்கும் தங்கும் வசதியில் வேறுபாடு இருந்திருக்கலாம். நாட்களைத் தந்தபின் கதவு திறக்கும் என்பது இருவருக்கும் பொது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. காலராவும் அதன் வேகத்திலேயே பயணம் செய்தது. துறைமுகத்திற்குத் துறைமுகம் வெவ்வேறு விதிகள் இருந்தமையால் வணிகம் முடங்கியது. இதனைச் சீர்செய்ய 1851இல் பாரிசில் பன்னிரண்டு நாடுகள் கூடின. முதல் அனைத்துலகச் சுகாதார மாநாடு என்பது இதன் பெயர். காலரா தொற்றுநோய்தானா என்பதிலேயே அங்கு உடன்பாடு ஏற்படவில்லை. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு மருத்துவரும் ஓர் அரசுத் தூதரும் அமர்ந்திருந்தனர் என்பதே, இது பாதி மருத்துவம், பாதி அரசியல் என்பதற்குச் சான்று. ராபர்ட் காக் 1883–84இல் எகிப்திலும் கல்கத்தாவிலும் காலராக் கிருமியை ஆராய்ந்து காட்டினார். அதன்பின், 1892இல் வெனிசில்தான் சூயஸ் கால்வாய் வழியாகச் செல்லும் கப்பல்கள் பற்றி முதல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியதும் மறு ஆண்டே பிளேக்குக்கென இன்னோர் உடன்படிக்கை வந்தது.

கிருமிகளை அறிந்தபின் நாற்பது நாள் தேவையற்றுப் போயிற்று. கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் நோய்க்குறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை ‘நோயரும்பு காலம்’ என்கிறோம். அக்காலம் எவ்வளவோ அவ்வளவு நாள் நிறுத்திவைத்தால் போதும். உலக நலவாழ்வு நிறுவனம் 1969இல் வகுத்த விதிகளில் காலராவுக்கு 5 நாள், பிளேக்குக்கு 6 நாள், மஞ்சள் காய்ச்சலுக்கு 6 நாள், பெரியம்மைக்கு 14 நாள் என்று கணக்கிட்டிருந்தனர். கொரோனாவுக்குப் பல நாடுகள் 14 நாள் விதித்ததும் இதே முறையில்தான். அந்நோய்க்குச் சராசரி நோயரும்பு காலம் ஐந்தாறு நாள். மிகப் பெரும்பாலோருக்குப் பதினான்கு நாளுக்குள் குறி தோன்றிவிடும்.

மண்டபம் கேம்ப்

எங்கள் மாவட்டத்தில் இராமேசுவரம் செல்லும் வழியில் ‘மண்டபம் கேம்ப்’ என்றொரு ரயில் நிலையம் உண்டு. சிறு வயதிலிருந்து அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கிறேன். அது என்ன ‘கேம்ப்’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபின்தான் தெரிந்தது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விடப்பட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றவர்கள் இவ்வழியே சென்றனர். அவர்கள் காலராவையும் பெரியம்மையையும் பிளேக்கையும் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்காக, இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே மண்டபத்தில் ஒரு தடுப்பு முகாம் நடத்தியது. தொழிலாளர்களும் அவர்கள் மனைவி மக்களும் அங்கே சில நாட்கள் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டு, அதன்பின் கப்பலேற்றப்பட்டனர். பிற்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த அகதிகளுக்கு அதே மண்டபம் முகாமாயிற்று. அந்தப் பக்கம் போக ஒரு காத்திருப்பு, இந்தப் பக்கம் வர ஒரு காத்திருப்பு.

கொக்கிப்புழு மருந்து நல்லதே. அம்மை குத்தியதும் நல்லதே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அம்முகாம் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அது தோட்டக் கூலிகளுக்காகக் கட்டப்பட்டது. அதே காலத்தில் உலகின் மறுகோடியில், நியூயார்க் துறைமுகத்திலும் இத்தகைய வேறுபாடு வெளிப்படையாகவே இருந்தது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகளை மருத்துவர் கப்பலுக்கே சென்று மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுவார். கீழ்த்தட்டில் வந்த ஏழைகளை மட்டும் எல்லிஸ் தீவில் இறக்கி, வரிசையில் நிறுத்தி, கண் இமையைப் புரட்டிப் பார்ப்பார்கள். காலராக் கிருமி சீட்டின் வகுப்பைப் பார்த்து ஏறுவதில்லை என்பது அன்றைய மருத்துவர்களுக்கும் தெரிந்ததுதான்.

இரு சமோவாக்கள்

இவ்வளவும் படிப்பவர், எல்லையை மூடுவதே வீண் என்று நான் சொல்லவருவதாக எண்ணக் கூடாது. அதற்கு மறுப்பாக ஒரு வரலாறு இருக்கிறது. இப்பொருளில் நான் படித்தவற்றுள் என் நெஞ்சை விட்டு அகலாதது அதுவே.

பசிபிக் பெருங்கடலில் சமோவா என்னும் தீவுக் கூட்டம் உண்டு. 1918இல் அதன் மேற்குப் பகுதி நியூசிலாந்தின் ஆட்சியிலும் கிழக்குப் பகுதி அமெரிக்காவின் ஆட்சியிலும் இருந்தன. இரண்டிலும் வாழ்ந்தவர்கள் ஒரே மக்கள், ஒரே மொழி, இடையில் இருந்தது சிறு கடல்தூரமே. அவ்வாண்டு இன்புளுவென்சாக் கொள்ளைநோய் உலகைச் சுற்றிவந்தது. நவம்பர் 7ஆம் நாள் ஆக்லாந்திலிருந்து ‘தலூன்’ என்னும் கப்பல் மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் நோயாளிகள் இருந்தனர். எவரும் தடுத்து நிறுத்தவில்லை. அடுத்த சில வாரங்களில் அங்கிருந்த மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாண்டனர். அமெரிக்கச் சமோவாவின் ஆளுநரோ வெளிக்கப்பல்களைக் கண்டிப்பாகத் தடுத்து நிறுத்தினார். அங்கே அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் தம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். கேட்டவற்றுள் இந்தக் கப்பலும் ஒன்று.

அந்நாடு இதனை மறக்கவில்லை போலும். 2020 மார்ச் 19ஆம் நாள் நியூசிலாந்து அயல்நாட்டாருக்குத் தன் கதவை மூடியது. தம் குடிமக்கள் திரும்பி வந்தாலும் பதினான்கு நாள் அரசு ஏற்பாடு செய்த விடுதிகளில் தங்கிய பிறகே வீட்டிற்குப் போக முடிந்தது. அதன் பயனாக, மற்ற நாடுகள் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த மாதங்களில் அங்கே பள்ளிகளும் விளையாட்டரங்குகளும் திறந்திருந்தன. ஆனால் விடுதி அறைகள் போதாமையால், வெளிநாடுகளில் சிக்கிய அந்நாட்டுக் குடிமக்கள் பலர் தாய்நாடு திரும்ப மாதக்கணக்கில் காத்திருந்தனர் என்பதும் உண்மை.

எல்லாம் தீவுகளின் கதை. நோய் உள்ளே வருமுன் மூடினால் பயனுண்டு. வந்தபின் மூடினால் பயன் மிகக் குறைவு. சீனாவில் ஊகான் நகரம் 2020 சனவரி 23இல் அடைக்கப்பட்டதை ஆராய்ந்து ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று, அவ்வடைப்பு சீனாவின் பிற பகுதிகளில் நோய் பரவுவதை மூன்று முதல் ஐந்து நாள் வரை மட்டுமே தாமதப்படுத்தியது என்று கணித்தது. அதற்குள் நோய் பிற நகரங்களுக்குச் சென்றுவிட்டிருந்தது. வெளிநாடுகளுக்குச் சென்றதைப் பிப்ரவரி நடுப்பகுதி வரை பெருமளவு குறைத்தது என்றும் அக்கட்டுரை கூறுகிறது. ஆகவே கதவை மூடுவது காலத்தை வாங்குவது. வாங்கிய காலத்தில் மருத்துவமனையைத் தயார் செய்யாவிட்டால் அது கைக்காசைச் செலவழித்ததோடு சரி.

எழுபத்திரண்டு மணிநேரம்

கொரோனாக் காலத்தில் நாம் அனைவரும் கேட்டுப் பழகிய ஒரு விதி, பயணத்திற்கு முந்தைய 72 மணிநேரத்திற்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை முடிவு வேண்டும் என்பது. இந்தியாவும் வெளிநாட்டிலிருந்து வருவோரிடம் ‘ஏர் சுவிதா’ என்னும் கணினிப் படிவத்தில் இதனைக் கேட்டது. இதன் அறிவியலைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அச்சோதனை வைரசின் மரபுப் பொருளைப் பலமடங்காகப் பெருக்கிக் கண்டுபிடிக்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் வைரசு இருந்தால்தான் பெருக்க முடியும். தொற்றிய முதல் ஓரிரு நாட்களில் அங்கே போதிய வைரசு இராது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். உண்மையில் தொற்றுக்கு ஆளானவர்களுள், நான்காம் நாளில் சோதித்தால் நூற்றுக்கு 67 பேருக்கு ‘நோய் இல்லை’ என்று தவறாக முடிவு வரும். எட்டாம் நாளில் சோதித்தால் அது 20 பேராகக் குறையும். முதல் நாளிலோ ஏறத்தாழ அனைவருமே தப்பிவிடுவர் என்று கணித்தனர்.

இப்போது ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு திருமண வீட்டில் நோய் தொற்றுகிறது. திங்கட்கிழமை காலையில் சோதனைக்குச் செல்கிறார். நோய் இல்லை என்று தாள் வருகிறது. வியாழக்கிழமை அதிகாலை விமானம். 72 மணிநேரம் இன்னும் முடியவில்லை. குறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே இந்நோய் பிறருக்குப் பரவும். ஆக, தாளில் ‘இல்லை’ என்றிருக்கும் அவர், இருக்கையில் அமரும்போது பரப்பத் தொடங்கியிருக்கலாம். இதை உணர்ந்துதான் ஐக்கிய அரபு நாடுகள் 2021 ஆகஸ்டில், புறப்படுவதற்கு முந்தைய ஆறு மணிநேரத்திற்குள் விமான நிலையத்திலேயே இன்னொரு சோதனை வேண்டும் என்றன. அது முதல் ஓட்டையைச் சிறிதாக்கியதேயன்றி அடைக்கவில்லை. ஏனெனில் முந்தின நாள் தொற்றியவரை அச்சோதனையும் காட்டாது.

சோதனைத் தாள் பயனற்றது என்பது என் கருத்தன்று. பத்தில் சிலரையேனும் அது பிடிக்கும். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் சில நாள் தனித்திருந்து மறுபடி சோதிப்பதற்கு அது ஈடாகாது. பழைய ரகூசாவின் முறையே இன்றும் வலியது.

ஊரைக் கேட்ட விதிகள்

இனி மறு பகுதிக்கு வருவோம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு விதிகள் 2007 சூன் 15 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின் 43ஆம் பிரிவு, ஒரு நாடு கூடுதல் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று ஒப்புகிறது. ஆனால் அது அறிவியல் அடிப்படையில் இருக்க வேண்டும். அதே பாதுகாப்பைத் தரும் வேறு எளிய வழி இருக்கும்போது கடுமையானதைக் கையாளக் கூடாது. பயணிகளை 24 மணிநேரத்திற்கு மேல் தடுக்குமாயின் 48 மணிநேரத்திற்குள் நிறுவனத்திற்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். சொற்கள் அழகாக உள்ளன. மீறினால் தண்டனை என்ன என்று தேடினேன், ஒன்றுமில்லை.

2021 மே 3 முதல் 15 வரை ஆஸ்திரேலியா, முந்தைய பதினான்கு நாளில் இந்தியாவில் இருந்த தன் சொந்தக் குடிமக்களையே உள்ளே விடவில்லை. மீறி வந்தால் ஐந்தாண்டு வரை சிறை என்றும் அறிவித்தது. அந்நாட்டில் கட்டாயத் தனிமை விடுதிகள் அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தன. அதே ஆண்டு நவம்பர் 24இல் தென்னாப்பிரிக்க அறிவியலாளர்கள் ஒரு புதிய திரிபைக் கண்டு ஒளிக்காமல் உலகிற்கு அறிவித்தனர். ஓமைக்ரான் என்று இரண்டு நாளில் பெயரிடப்பட்டது. பரிசு என்ன? தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகளுக்கு எதிராகச் சில நாட்களிலேயே பல நாடுகள் கதவைச் சாத்தின. அறிவிப்பு வருமுன்பே, நவம்பர் 19ஆம் நாள் நெதர்லாந்தில் எடுத்த மாதிரியிலும் அதே திரிபு இருந்தது பின்னர் தெரிந்தது. நெதர்லாந்துக்காரர்களை அதற்காக யாரும் அப்படிச் சாத்தி வைக்கவில்லை.

நம் நாட்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2020 மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்கள் எவையும் இந்தியாவுக்கு வர முடியாது என்றானபோது, வெளிநாட்டில் இருந்த இந்தியரும் வெளியிலேயே நின்றனர். மே 7இல் ‘வந்தே பாரத்’ விமானங்கள் தொடங்கும் வரை ஆறு வாரம் அப்படியே கழிந்தது. ஈரானில் சிக்கிய மீனவர்கள், அவர்களுள் பலர் தமிழர், அதற்கு மேலும் காத்திருந்தனர். ‘ஜலாஷ்வா’ என்னும் கடற்படைக் கப்பல் ஏறத்தாழ 700 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது சூலை முதல் நாள்.

ஆயினும் மஞ்சள் காய்ச்சலில் இந்தியா காட்டும் கண்டிப்பு எனக்குச் சரியென்றே படுகிறது. அந்நோய் இங்கில்லை, ஆனால் அதனைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. டெங்குவைப் பரப்புவதும் அதுதான். ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் அந்நோய் உள்ள நாடுகளிலிருந்து வருவோர் தடுப்பூசிச் சான்றைக் காட்ட வேண்டும். இல்லையேல் ஆறு நாள் தனிமை. ஆறு நாள் என்பது அந்நோயின் அரும்பு காலம். அந்நாடுகளுக்குச் செல்வோர் சென்னை கிண்டி கிங் ஆய்வகத்தில் அவ்வூசியைப் போட்டுக்கொள்கின்றனர். சான்று இல்லாதவருக்கும் இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆறு நாளைக் கொடுத்தால் கதவு திறக்கும்.

பெயரைக் கேட்ட விதி

என் தந்தையார் வளைகுடா நாடு ஒன்றில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலையில் பதினோராண்டுகள் இருந்தார். 2021 மார்ச்சில் இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வந்தார். ஏப்ரல் இறுதியில் அந்நாடு இந்தியாவிலிருந்து எவரும் வரக் கூடாது என்று அறிவித்தது. எப்போது திறந்தாலும் தடுப்பூசி கேட்பார்கள் என்று அவருடன் வேலை செய்தவர்கள் தொலைபேசியில் சொன்னார்கள்.

அப்போது இரண்டு ஊசிகள் கிடைத்தன. கோவிஷீல்டுக்கு இரண்டாம் தவணை 12 முதல் 16 வாரம் கழித்து. கோவாக்சினுக்கு 4 முதல் 6 வாரத்தில். “எது சீக்கிரம் முடியுமோ அதையே போட்டுக்கிருவோம் தாயி, திறந்த அன்னைக்கே கெளம்பணும்” என்றார். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். வெளிநாடு செல்வோர் கோவிஷீல்டின் இரண்டாம் தவணையை 28 நாளிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று நடுவண் அரசு அறிவித்தது சூன் மாதத்தில்; அதற்குள் அவருக்கு இரண்டு ஊசியும் முடிந்துவிட்டன. சான்றிதழில் கடவுச்சீட்டு எண்ணைக் கணினியில் சேர்த்தது நான். எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தியே. அப்போது பதினோராம் வகுப்பில் இருந்தேன்.

செப்டம்பரில் அந்நாடு திறந்தது. ஏற்றுக்கொள்ளப்படும் தடுப்பூசிகளின் பட்டியல் தொலைபேசியில் வந்தது. அதில் கோவிஷீல்டு இருந்தது, கோவாக்சின் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் சொன்னேன். “நல்லாப் பாரு, வேற பேர்ல இருக்கும்” என்றார். வேறு பெயரிலும் இல்லை. ஊசி போடுமுன் அப்படி ஒரு பட்டியல் இருக்கும் என்று தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே என்பது இன்றும் மனத்தில் உறுத்துகிறது.

பட்டியல்கள் அவ்வாறு அமைந்ததற்கான காரணத்தை இப்போது படித்து அறிந்துகொண்டேன். கோவாக்சினுக்கு இந்தியா 2021 சனவரியில் இசைவு தந்தபோது அதன் மூன்றாம் கட்டச் சோதனை முடிவு வெளிவரவில்லை. நூற்றுக்கு 77.8 பங்கு பலன் தருகிறது என்ற முழு முடிவு சூலையில்தான் வந்தது. ஏப்ரலில் விண்ணப்பித்த அவ்வூசிக்கு உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது நவம்பர் 3ஆம் நாள். ஆதாரம் வரும்வரை காத்திருப்பது அறிவியல் முறையே. அதை நான் குறை கூறவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஊசியின் பலன் ஐயத்திற்குரியது என்றால், அதைப் போட்டவரை ஊசியே போடாதவர்போல் கருதி, ஏழு நாளோ பத்து நாளோ தனித்திருக்கச் செய்து, சோதித்து உள்ளே விட்டிருக்கலாம். 1377இலேயே தெரிந்த வழி அது. பட்டியல் அவ்வழியையும் அடைத்தது.

கோவிஷீல்டு போட்டவர்களும் முற்றிலும் தப்பவில்லை. அது ஐரோப்பாவில் அஸ்ட்ராசெனகா என்ற பெயரில் போடப்பட்ட அதே ஊசி. புனேயில் தயாரிக்கப்பட்டது என்பதே வேறுபாடு. 2021 சூலை முதல் நாள் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சான்றில் அதற்கு இடமில்லை. சில நாடுகள் தனித்தனியே ஏற்றன. பிரிட்டன் செப்டம்பர் 22இல் ஊசியை ஏற்றுக்கொண்டு, இந்தியா கொடுத்த சான்றிதழை மட்டும் ஏற்க மறுத்தது. இந்தியா அக்டோபர் 4 முதல் பிரிட்டன் குடிமக்களுக்குப் பத்து நாள் தனிமை விதித்தது. அக்டோபர் 11இல் பிரிட்டன் இறங்கி வந்தது. ஒரே வாரத்தில் தீர்ந்த அச்சிக்கலில் நோய்க்கிருமியின் பங்கு ஏதேனும் இருந்ததா என்று என் வகுப்புத் தோழிகளிடம் கேட்டேன். சிரித்தார்கள்.

கேரளத்தில் வளைகுடாத் தொழிலாளி ஒருவர், தாம் கோவாக்சின் போட்டுக்கொண்டதால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை, கோவிஷீல்டும் போட இசைவு வேண்டும் என்று உயர்நீதிமன்றத்திற்கே சென்றார். இரண்டு ஊசிகளால் இருவகைக் குடிமக்கள் உண்டாகிவிட்டனர் என்ற கருத்தை நீதிமன்றம் அப்போது தெரிவித்தது. என் தந்தையாருக்கு நீதிமன்றம் என்ற எண்ணமே வரவில்லை. ஏஜெண்ட் வீட்டிற்கு நாள்தோறும் சென்றுவந்தார்.

அந்நாடு பிறகு கோவாக்சினையும் பட்டியலில் சேர்த்தது. அதற்குள், நாட்டைவிட்டு வெளியே இருக்க இசைந்த ஆறு மாதம் கடந்து அவருடைய விசா காலாவதியாகிவிட்டது. அவர் வேலை செய்த நிறுவனம் வேறோர் ஆளை வைத்துக்கொண்டது. புது விசாவுக்கு ஏஜெண்ட் கேட்ட பணம் அக்காவின் திருமணத்திற்கு ஒதுக்கியிருந்தது. இப்போது இராமநாதபுரத்தைச் சுற்றி நாள் கூலிக்குக் கம்பி கட்டுகிறார்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் கொரோனா நெருக்கடி நிலை முடிந்தது என அறிவித்தது. இன்று அந்நாட்டிற்குச் செல்வோரிடம் எவரும் கொரோனாச் சான்று கேட்பதில்லை. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கடவுச்சீட்டின் உறைக்குள் அத்தாள் இன்னும் இருக்கிறது. நான் சேர்த்த எண்ணும் அதில் தெளிவாக இருக்கிறது. கடவுச்சீட்டு வரும் ஆண்டில் காலாவதியாகிறது. புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்று சென்ற வாரம் என்னைக் கேட்டார். 1500 ரூபாய் என்று பார்த்துச் சொன்னேன்.